முன் அனுபவம்

ஆஸ்பத்திரி வீதி. டிலக்சனின் பிரிண்ட் கடை.
ஒரு பக்கம் இருபது ரூபா, கலர் எண்டால் அறுபது.
நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான்.

பெயர்: அருளப்பு மரிய நிறோஜினி.
விலாசம்: குருநகர், யாழ்ப்பாணம்.
கற்கை: கடற்றொழில் விஞ்ஞானம், மூன்றாம் வருடம்.

"கப்பலிலயோ அக்கா படிப்பு?"
அவன் விரல் விசையில் நிற்கிறது.
ஓம். நூற்றி நாலு நாள், பதினொரு துறைமுகம்.
விரிவுரை மண்டபம் ஐந்தாம் தட்டில்.
நூலகத்தில் புத்தகம் விழாதிருக்க
அடுக்குகளுக்குக் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார்களாம்.
பரீட்சையன்று கடல் கொந்தளித்தால்
ஒத்திவைப்பீர்களா என்று கேட்டு எழுதினேன்.
பதில் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.
"படிக்கப் போறவள் ஒரு ஊருக்கெல்லோ போகோணும்?
இது ஒரு இடத்திலயும் நில்லாமல்
போய்க்கொண்டே இருக்குது.
உனக்கொரு சாமான் அனுப்புறதெண்டால்
எந்த விலாசத்துக்குப் போடுறது?"

அப்பா வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்.
"தண்டயல் ஆர்?" என்றார் முதலில்.
தெரியாது என்றேன்.
"அடியில எத்தினை பாகம் தண்ணி?"
சில இடத்தில் நாலாயிரம் மீற்றர்.
அதை மனதுக்குள் பாகமாக்கிப் பார்த்த நேரத்தில்
நண்டு அவர் விரலைக் கவ்விவிட்டது.
அதோடு கதை முடிந்தது.

ஏறும் துறைமுகம்.
டிலக்சன் பட்டியலை உருட்டுகிறான்.
பினாங்கு, மொம்பாசா, வல்பரைசோ,
வாயில் நுழையாத இன்னும் இரண்டு.
"காங்கேசன்துறையைக் காணேல்லை."
அது இராது. கொழும்பை அமத்து.

இதற்கு முன் கப்பலில் பயணித்ததுண்டா?
என்னைக் கேளாமலே 'இல்லை' என்று அடித்துவிட்டான்.

அழி, என்றேன்.

இரண்டாயிரத்து ஆறு, மார்கழி.
எனக்கு நாலு வயது. நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு ஓட்டை.
பாதை பூட்டு. கொழும்பு ஆஸ்பத்திரிக்குக்
கடலால்தான் போகலாம்.
பட்டியலில் பெயர் ஏற மூன்று கிழமை.
அம்மா என் படத்தை மூன்று பேருக்குக் காட்டினாள்,
என்னையும் காட்டினாள்.
பிறகு, வெளிச்சம் அணைத்த ஒரு கப்பல்,
திருகோணமலைக்கு.
அம்மா சொப்பிங் பாக்கில் சத்தியெடுத்தாள்,
மற்றக் கையால் என்னைப் பிடித்திருந்தாள்.
தரையில் படுத்திருந்தவர்களின் கால்களை
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்பதில் நின்றேன்.
அதற்கு மேல் எனக்கு எண் இல்லை.
பக்கத்தில் படுத்திருந்த ஆரோ ஒரு பிள்ளை,
முகம் பார்க்கவில்லை, நித்திரைக் குரலில்
"நாப்பது" என்றது.
விடிந்தபோது வெயில் இடப்பக்கம், கரை வலப்பக்கம்.
இப்படித் தெரிந்தால் தெற்கே போகிறோம் என்பது
கம்பஸுக்கு வந்த பிறகுதான் பாடமானது.
ஆனால் பார்த்தது அன்றைக்கே.

'ஆம், ஒரு முறை' என்று அடி.

அடித்தான்.
அடுத்த கேள்வி: அந்தப் பயணத்தின் நோக்கம்.
சுற்றுலா, தொழில், கல்வி, வேறு.
நாலு பெட்டிகள்.
அவன் அம்புக்குறி 'வேறு' மேல் போய் நின்றது.
"இதை அமத்தினால் விளக்கம் கேக்கும் அக்கா.
இருநூறு சொல்லுக்கு மேல போகேலாதாம்."

சட்டைக்கு உள்ளே தழும்பு, ஒரு சாண்.
அதை எழுத இருநூறு சொல் கூட,
பூட்டிய பாதையை எழுதக் காணாது.

கல்வியை அமத்து, என்றேன்.
அவன் திரும்பி ஒருக்கால் பார்த்தான், அமத்தினான்.

அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனது.
மின்விசிறி கடைசிச் சுற்றை இழுத்து நின்றது.
"சேவ் பண்ணினனியோ?"
"தெரியேல்லை அக்கா.
கொஞ்சம் இருங்கோ, வந்திடும்."

இருட்டில் மேசைக்குக் கீழே ஏதோ ஒரு பெட்டி
விட்டு விட்டுக் கத்துகிறது.
அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு இருக்கிறேன்.
முப்பத்தெட்டு,
முப்பத்தொன்பது,
டிலக்சன் கொட்டாவி விடுகிறான்,
நாற்பது.