பொத்தான்

குன்னூர் பெட்ஃபோர்டில், ஜோகி அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டர்.
மாவரைக்கிற சத்தத்தோடு சுழலும் சிடி.
திரையில் ஒரு பங்களா, எட்டு அறைகள்,
எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஏதோ நடக்கும்.
ஒன்றைப் பார்த்தால் மற்ற ஏழும் போச்சு.
கறுப்பு அங்கிகள் கதவைத் தாண்டும் அந்த நொடி
பொத்தானை அழுத்தினால்
தரை பிளந்து விழுங்கிவிடும்.
அக்காமார்கள் பிழைப்பார்கள்,
பாட்டுப் போட்டு ஆடுவார்கள்.

ஞாயிறு பூசையில் ஃபாதர் சவரிராயன்
அந்த சிடியை எங்கள் கண்முன்னே உடைத்தார்.
பெண்களைக் கொல்லும் விளையாட்டாம்.
சில்லு ஒன்று வானவில்லோடு
பீடத்தின் படியில் கிடந்தது.
அவர் விளையாடிப் பார்த்ததில்லை.
'கொல்றது இல்ல ஃபாதர், காப்பாத்துறது'
எழுந்து சொல்லுடா என்று
டெஸ்மண்ட் என் தொடையைக் கிள்ளினான்.

நான் எழவில்லை.

முந்தின சனிக்கிழமை
மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. சென்டரில் நான் மட்டும்.
குளியலறைக் கண்ணாடி முன்
அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.
பின்னால் கதவு திறந்தது.
விரல் பொத்தான் மேல்தான் இருந்தது.
என்ன செய்வார்கள் என்று பார்க்க
அங்கேயே வைத்திருந்தேன்.

கரண்ட் போய்விட்டது என்றேன் டெஸ்மண்டிடம்.
அன்றைக்கு
கரண்ட் போகவில்லை.