உதிரிக் கணக்கு

செம்பனை ஆலை வாசலில், குலை கொட்டும் மேட்டில்
அனிசுர் குனிந்து எண்ணுவான்.
பத்துப் பழம் தானாக உதிர்ந்திருந்தால்
குலை பழுத்தது.
ஒன்பது என்றால் சிவப்புச் சாயம்,
லோரியில் ஏற்றித் திருப்பி அனுப்பு.
நான் எடைமேடைக் கிராணி.
அவன் நீட்டும் சீட்டை வாங்கிக் கணினியில் ஏற்றுகிறவள்.

மாலை ஆறுக்கு மேல் நான் நிருபர்.
செய்திக்குப் பன்னிரண்டு வெள்ளி, படம் வந்தால் கூட மூன்று.
காதுகுத்து, தீமிதி,
தமிழ்ப்பள்ளிக்கு மின்விசிறி அன்பளிப்பு.
கொடுத்தவர் நடுவில் நிற்க வேண்டும்,
விசிறி ஓரமாகத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் லயத்தில் குழாய்த் தண்ணீர்
தேத்தண்ணி நிறத்தில் வர ஆரம்பித்துப்
பதினோராம் நாள்,
லோகேஸ்வரி ஒரு போத்தலில் பிடித்து வந்து
என் மேசையில் வைத்தாள்.
"எழுது."
வேறெதுவும் சொல்லவில்லை.

எழுதினேன், பதினெட்டு வரி.
ராத்திரி ஆசிரியர் கூப்பிட்டார்:
"எத்தன பேரு ஆஸ்பத்திரியில?"
"ரெண்டு பிள்ளைங்க சார், வயித்துப்போக்கு."
"ரெண்டா…"
அந்த இழுவையில்
சாயத் தூரிகை டின்னுக்குள் முங்கும் சத்தம் கேட்டது.
"பாப்போம். கூடினா சொல்லும்மா."

கூடட்டும் என்று
ஒரு நொடி நானும் நினைத்தேன்.
வேறெங்கும் சொல்ல முடியாது,
இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த வாரம் உடும்பு வந்தது.
நாலடி நீளம்.
ஆ ஹோக்கின் மளிகைக் கடைக்குள் புகுந்து
மைலோ டின் அடுக்கின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
ஆ ஹோக் துடைப்பத்தை நீட்டி
பழைய பாக்கியைக் கேட்பதுபோல் அதட்டினார்.
யாரோ எடுத்த காணொளி,
விடிவதற்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.
பசியாறும் நேரத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து வண்டி,
ஒலிவாங்கியோடு ஒருத்தி.
வழி காட்டியது நான்தான்.

லோகேஸ்வரி இன்னொரு போத்தலோடு ஓடி வந்தாள்,
உடும்பு படுத்த அடுக்குக்குக் கீழே போய் நின்றாள்.
படத்தில் இருக்கிறாள்,
முழங்கையும் போத்தலும் மட்டும்.
"அக்கா கையில என்ன, ஐஸ் தேத்தண்ணியா?"
என்று ஒருவன் எழுத,
அதற்கு நானூறு சிரிப்பு முகங்கள்.
அடியில் அவள் மகன் பதில் போட்டிருந்தான்:
"அது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி."
இரண்டு விருப்பம்.
அதில் ஒன்று நான்.

மறுநாள்
யார் யாரைத் திட்டுவதென்று வரிசை போட்டுக்கொண்டே
வேலைக்குப் போனேன்.
சன்னல் ஓட்டையில் சீட்டு நீண்டது.
இடக்கை.
எட்டிப் பார்த்தேன்.
வலக்கையில் அழுக்கேறிய கட்டு.
மேட்டுக் கதவின் சங்கிலி இழுத்துவிட்டதாம்,
பதினாறு நாள் ஆகிறதாம்.
பதினாறு நாளாக என் முகத்துக்கு நேரே
இடக்கைதான் நீண்டிருக்கிறது.
உடும்பு நாலடி என்பது மட்டும்
எனக்குச் சரியாகத் தெரியும்.

"எத்தனை விரல்?" மலாயில் கேட்டேன்.
"டுவா."

ரெண்டா…
என்று இழுத்த வாய் என்னுடையது.

அவனைப் பற்றி எழுதினால் எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது?
வங்காளத்தில் அவன் ஊர் எதுவென்றுகூட
இதுவரை கேட்டதில்லை.
அன்று ஒன்பது உதிர்ந்த ஒரு குலைக்குப்
பத்து என்று ஏற்றினேன்.
அவன் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
யாருக்கும் பிரயோசனமில்லாத பொய் அது.

சாயங்காலம் புலனத்தில் ஆசிரியர்:
உடும்பு பிடிபட்டதா? தொடர்ச்சி வேணும்.

மேசையில் லோகேஸ்வரியின் பழைய போத்தல்.
இத்தனை நாளில் மண் அடியில் தங்கி
மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது.
இப்போது படமெடுத்தால்
கடையில் வாங்கியது மாதிரியே இருக்கும்.
குலுக்கிவிட்டு எடுத்தால்
அது உண்மையா, ஜோடனையா?

போத்தலைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன்.
வெளியே
எடைக்குக் காத்திருக்கும் லோரி
ஹாரன் அடிக்கிறது.