எச்சம்

கடலுக்கும் எங்கள் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
மரைன் டிரைவும் ஒரு சோடித் தண்டவாளமும்தான்.
ஆனாலும் உப்பை விலைக்கு வாங்குகிறேன்.
"கரைத் தண்ணி எடுக்காதீங்க சேர், வாய்க்கால் கலந்தது"
என்றான் தெஹிவளைக் கடை ருஸ்தி,
வாளியில் உப்பும், பொலித்தீன் பையில் மீனும்,
ஈரக் கடதாசியில் சுற்றிய கல்லும் தந்து.
கல்லுக்குள் என்ன இருக்கிறதென்று
ரசீதில் எழுதியிருக்கவில்லை.

கீழ்வீட்டு நிமாலி வெசாக் கூட்டுக்கு வெட்டி மிஞ்சிய
சிவப்புத் தாளை டோர்ச் முகத்தில் ஒட்டி
ஓரிரவு தொட்டிக்கு முன் குந்தினேன்.
கல்லின் ஓட்டையிலிருந்து இளஞ்சிவப்பாய்,
இருபுறமும் வெள்ளை மயிர் சிலிர்க்க,
ஒன்று நீண்டது.
பிறகு ஒன்பது.
பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

எண்ணாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.
கோட்டையில், கப்பல் காப்புறுதிக் கந்தோரில்,
நனைந்த தேயிலை, நொறுங்கிய மாபிள்,
அலை கொண்டுபோன பெட்டி என்று
இல்லாமல் போனதை எழுதிக் காசாக்குவது என் வேலை.

முதல் மாதம் முழுக்கச் சண்டை.
செவ்விளநீர் குடித்த ஸ்ட்ரோவுக்குள்
இறால் துண்டு செருகி மணலில் புதைத்தேன்.
விடிய இறால் இல்லை. புழுவும் இல்லை.
ஒன்றை வெறுங்கையால் பிடித்தேன்.
விரலெல்லாம் கண்ணாடித் தூள் ஏறியது.
தர்மினி செலோடேப்பை ஒட்டி ஒட்டி இழுத்து
விரலை வினாகிரியில் முக்கினாள்.
"பீங்கான் கழுவுற ஆளுக்கு அடிச்சால்
இப்பிடித்தான்" என்றாள்.

பிறகு அந்த வருடம் வந்தது,
தெருக்களை எழுத்துக்களாகப் பிரித்துக் கரண்டை நிறுத்திய வருடம்.
காற்றுப் பம்பு நின்றது. பற்றரிப் பம்பும் நின்றது.
நானும் ஆரபியும் மாறி மாறிக்
கோப்பையால் தண்ணீரை அள்ளி
உயரத்திலிருந்து ஊற்றினோம், தேத்தண்ணி ஆற்றுவதுபோல.
மூன்று மணிக்கு இருவருமே நிலத்தில் தூங்கிப்போனோம்.

காலையில் மந்திரியைக் காணவில்லை.
(பேத்தை மீன். ஒன்றும் செய்யாமல்
ஊதிப் பெருப்பதால் ஆரபி வைத்த பெயர்.)
நிலத்தில் இல்லை, மூடியில் இல்லை, வடியில் இல்லை.
தண்ணீர் நாறவுமில்லை.
ஒரு பிணம் கிடந்து ஊறியிருந்தால்
மத்தியானத்துக்குள் மிச்ச நான்கும் மிதந்திருக்கும்.
மிச்ச நான்கும் கண்ணாடியில் மூக்கை இடித்துச்
சாப்பாடு கேட்டன.
கல்லின் அடியில், வெள்ளையாய்,
ஊசிமுனையால் துடைத்ததுபோல் சுத்தமாய்
மந்திரியின் பல்லுத் தகடு.

இழப்பு: ஒன்று.
சான்று: பல்லு.
பொறுப்பு யாருடையது என்ற கட்டத்தில்
பேனை நின்றது.

மேசையில் ஆரபி இலக்கணப் பயிற்சி செய்கிறாள்.
"'தின்ற' பெயரெச்சம், அப்பா.
பின்னால ஒரு பெயர் வந்தாத்தான் முடியும்."
தின்ற
என்று சொல்லிப் பார்க்கிறேன்.
தொட்டிக்குள் மணல் ஓரிடத்தில்
மெல்ல எழும்பித் தாழ்கிறது.

இப்போது பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தபின்
ஓர் இறால் தலையைக் கூடப் போடுகிறேன்.
"கூடப் போட்டா கூடப் பெருகும் சேர்" என்கிறான் ருஸ்தி.
தெரியும்.
ஒரு மயிர் இன்னும் சுட்டுவிரலுக்குள் இருக்கிறது.
கந்தோரில் தட்டச்சுச் செய்யும்போது,
சில எழுத்துக்களில் மட்டும்,
குத்துகிறது.