பதினேழு புள்ளிகள்

ஒரு மனிதருக்குப் பதினேழு புள்ளிகள்.
மூக்கு. கண்கள், காதுகள்,
தோள், முழங்கை, மணிக்கட்டு,
இடுப்பு, முட்டி, கணுக்கால்.
அவ்வளவுதான்.
வயிற்றுக்குப் புள்ளி கிடையாது.
படத்துக்கு ஆறு சென்.

செந்தூல் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி,
ஜன்னலோர மேசை.
முன்பின் தெரியாதவர்களின் மூட்டுகளில்
நாளெல்லாம் பொட்டு வைக்கிறேன்.
பந்தெறிகிறவன், பிள்ளையை இடுப்பில் ஏற்றியவள்,
பேருந்துக்கு ஓடுகிறவன்.
ஒரு மூட்டு கண்ணுக்கு அகப்படாவிட்டால்
‘மறைந்துள்ளது’ என்று குறித்து
அது இருக்கும் இடத்தை ஊகிக்க வேண்டும்.
ஊகிப்பதில் எனக்கு நல்ல பெயர்.

என் கால் மரத்துப்போனதை
எழுந்து விழப்போகும்போதுதான் அறிவேன்.
பசியை மணி பார்த்துத் தெரிந்துகொள்வேன்.
தூங்கினேனா என்று கைக்கடிகாரத்தைக் கேட்பேன்.
போதவில்லை என்று அது சொன்னால்
அன்று முழுக்கச் சோர்வு.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் நின்றது.
ஆற்றில் எவனோ எதையோ கொட்டிவிட்டானாம்.
கைப்பேசியில் அட்டவணை வந்தது,
பிறகு திருத்திய அட்டவணை,
பிறகு திருத்தத்துக்கு வருத்தம்.
மூன்றாம் நாள் மாலைதான் லாரி.
மின்தூக்கியோ தீபாவளிக்கு முன்பிருந்தே
நான்காவது மாடியில் வாயைத் திறந்தபடி நிற்கிறது.

ஒரு சிவப்பு வாளி, ஒரு பெயிண்ட் டப்பா.
முதல் மாடியில் நான் இன்னும் மேசையில்தான் இருந்தேன்.
பதில் போடாத மின்னஞ்சல்,
பாதி கேட்ட அக்காவின் குரல்செய்தி,
இரண்டும் தலைக்குள் ஓட
தண்ணீர் சளக்கென்று பாதத்தில் கொட்டியது.
சில்லென்றது.
ஓ, கால்.

மூன்றாவதில் மணிக்கட்டு வந்து சேர்ந்தது.
நான்காவதில் முழங்கை.
ஐந்தாவதில் தோள்கள் இரண்டும் சேர்ந்தே,
சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளிகளாக.
முட்டிகளைப் பற்றிப் பேச வேண்டாம்.
நீர் தளும்பாமல் எப்படி மிதிப்பதென்று
கால் தானாக ஒரு வழி கண்டுபிடித்தது.
என்னிடம் கேட்கவில்லை.
வயிறு, அந்தப் புள்ளியில்லாத வயிறு,
உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டு
எல்லாவற்றையும் தூக்கியது.

ஏழாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார்
எட்டாவது மாடி ரொஸ்னானி.
பக்கத்தில் அவர் வாளி, பாதி.
நான்கு வருடம் ஒரே மின்தூக்கியில் போயிருக்கிறோம்
அவரவர் திரையைப் பார்த்தபடி.
“பெனாட்?” என்றார்.
“பெனாட்,” என்றேன்.
வேறொன்றும் பேசவில்லை. மூச்சு வாங்கினோம்,
அவர் வேகமாக, நான் சத்தமாக,
கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்தில் விழ
அதற்கே சிரித்தோம்.
கீழே யாரோ மீன் பொரித்தார்கள்.
எனக்குப் பசித்தது.
மணி என்னவோ.

வீட்டுக்குள் நுழைந்ததும் கடிகாரம் அதிர்ந்தது:
‘இன்று நாற்பத்தொரு காலடிகள். எழுந்து நடக்கலாமே?’
கை வீசாதவள் அதற்கு நடந்தவள் இல்லை.
கழற்றி அரிசி டப்பாமேல் வைத்தேன்.
அது இருந்த இடத்தில் வெளிறிய பட்டை,
அங்கே மட்டும் காற்று புதிதாகப் பட்டது.

ஒன்பது குவளையில் குளித்தேன்.
ஐந்தாவது இடது காதுக்குப் பின்னால் விழுந்து
முதுகெலும்பு வழியே இறங்கியது.
ஏழாவதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இரவு மறுபடி மேசை. வாடகை இருக்கிறதே.
முதல் படத்தில் ஒரு மூட்டை தூக்குகிறவன், எந்த ஊரோ.
வலது தோள் மூட்டைக்குப் பின்னால்.
மறைந்துள்ளது.
என் தோளைத் தொட்டுப் பார்த்தேன். வலித்தது.
அவனுடையதை
வழக்கமான இடத்திலிருந்து இரண்டு விரற்கடை
கீழே இறக்கி வைத்தேன்.

காலையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்:
‘புள்ளி தாழ்வாக உள்ளது, சரிபார்க்கவும்.’
சரிபார்த்தேன்.
அப்படியே அனுப்பினேன்.