வேண்டுதல் இல்லாத மொட்டை

செந்தூல் பாலாயில்
மெஷின் போட்ட கோப்ரல் கெட்டவனில்லை.
காதை மடக்கிப் பிடித்து
"டியாம், டியாம்" என்று
காயம் படாமல் வழித்தான்.
ஏழு வருஷக் கூந்தல்.
ஆம்பிளைக்கு அந்தச் சொல் கிடையாதாம், இருக்கட்டும்,
கூந்தல்தான்.
பழைய பேப்பரில் விழுந்து
கொஞ்ச நேரம் சுருண்டு படுத்திருந்தது.
கையுறைத் தொழிற்சாலை வாசலில்
மூன்று மாதச் சம்பளம் கேட்டு நின்றதற்கு
முதல் பட்டுவாடா.

லோக்காப்பில் கொக் வெங்,
நாலு நம்பர் எழுதிப் பிடிபட்டவன்,
என் தலையைத் தடவிச் சிரித்தான்.
ஈயம் தோண்ட வந்த அவன் பூட்டனுக்கு
பின்னல் இடுப்புக்குக் கீழே.
அதை அறுத்தால் அரசன் கழுத்தை அறுப்பான்.
பிறகு அரசன் போனான்.
பின்னல் வைத்திருந்தவனைத்
தெருவில் மறித்து அறுத்தார்கள்.
"கத்திரி அதேதான்" என்றான்
பாசார் மலாயில்.

எங்கள் பக்கம் கதை சின்னது.
குடுமியோடு கப்பலேறியவன்
பேரேட்டில் ஓர் எண்.
தோட்டத்தில் கிராப்பு என்றால் கிராணிக்குத்தான்.
ஒருநாள் குடுமியை அறுத்துக்கொண்டு
வகிடெடுத்து, எண்ணெய் மினுங்க,
பெரட்டுக்கு வந்து நின்றானாம்.
கங்காணி கேட்டான்: "நீ என்ன தொரையாடா?"
ஆமாம் என்றானா, பேசாமல் நின்றானா,
குடும்பத்தில் இன்னும் இரண்டு கட்சி.
அடி விழுந்ததில் மட்டும் எல்லோரும் ஒரு கட்சி.

நான் முடி வளர்த்தது எதற்காகவும் இல்லை.
வளர்ந்தது, விட்டேன்.
மேனேஜர்தான் அதற்குப் பொருள் கண்டுபிடித்தான்:
"கொண்டை போட்டவனெல்லாம்
பொம்பளைங்க வரிசைக்குப் போ."
போனேன்.
சம்பளச் சீட்டை விரித்து
ஓவர்டைமைக் கூட்டிக் கழித்து
முதலில் பேசியது
அந்த வரிசைதான்.

நாலாம் நாள் விட்டார்கள்.
தைப்பூசத்துக்கு மறுநாள்.
பத்துமலையிலிருந்து வந்த கொம்யூட்டர் முழுக்க
மொட்டை.
சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டை,
அப்பன் தோளில் எச்சில் வடியத் தூங்கும் மொட்டை,
புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக மொட்டை.
என்னுடையதில் மட்டும்
ஒன்றும் பூசவில்லை.

எதிர் சீட்டு அக்கா
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.
"என்ன வேண்டுதல் தம்பி?"
"சம்பளம்."
அவள் சிரிக்கவில்லை.
மைலோ டின்னிலிருந்து சந்தனம் எடுத்து
தண்ணீர் போத்தல் மூடியில் குழைத்து
உச்சியில் அப்பினாள்.
"கெடைச்சிரும்."

ஜில்லென்று இறங்கியது,
கோப்ரல் மெஷின் போன அதே வழியில்.

புத்ராவில் ஒரு போலீஸ்காரன் ஏறி
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தான்.
அத்தனை தலை.
அப்புறம் போனைப் பார்த்தான்.

நாளைக்கு மறுபடி வாசலுக்குப் போகணும்.
தவமலரின் சீப்பு
இன்னும் என் பையில் கிடக்கிறது,
பல்லிடுக்கில் என் முடி
ரெண்டு மூணு.
எடுக்காமல்
அப்படியே கொடுக்கணும்.