ஆறு மில்லி ஆம்பியர்

"தொடல," என்றார் சிவனேசன்.
சத்தியமெல்லாம் செய்யவில்லை.
சோற்றைப் பிசைந்தபடி ஒரு சொல், அவ்வளவுதான்.

ஈசூனில் பதினோராம் மாடி.
சமையலறை இழுப்பறையில், டார்ச் லைட்டுக்கும்
காலாவதியான இருமல் மருந்துக்கும் நடுவே
அந்த மின்சிகரெட். கட்டைவிரல் நீளம், லைச்சி வாசம்.
பிடிபட்டால் அபராதம். பேருந்து ஓட்டுகிறவருக்கு
அதற்கு மேலும் இருக்கிறது.
எறிந்திருக்க வேண்டும்.
நான் அளந்தேன்.

திங்கள் இரவு, முழுச் சார்ஜ்: 4.16.
செவ்வாய் 4.02.
புதன் 3.87.
மின்கட்டண உறையின் பின்பக்கம் வரிசையாக எழுதினேன்.
அங் மோ கியோவில் பதினாலு வருடமாகச்
சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கிறவள்;
எண் குறைந்தால் காரணம் இருக்கும்.
காரணத்துக்கு அப்போது
ஒரே ஒரு பெயர்தான் வைத்திருந்தேன்.

அதிகாலைப் பணி முடித்து அவர் கழற்றிப் போட்ட சட்டையின்
காலரை மோந்து பார்த்தேன்.
வியர்வை. கோடாலித் தைலம்.
மறுபடியும் மோந்து பார்த்தேன்.

வியாழன் இரவு சார்ஜ் ஏற்றி,
மெல்லிய கத்தியால் உறையை நெம்பினேன்.
உள்ளே வெள்ளித்தாள் போர்த்திய லித்தியம் பாலிமர்,
பிஸ்கட் போலத் தட்டை. உப்பவில்லை.
உப்பியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு
நடைவழிக்கு ஓடியிருப்பேன்.
சிவப்புக் கம்பியை மட்டும் பிரித்துவிட்டுப் படுத்தேன்.
பக்கத்தில் அவர் குறட்டை.

காலையில் 4.16.
தனியே விட்டால் பேட்டரி
ஒரு சொட்டும் இழக்கவில்லை.

மீட்டரை இடையில் கோத்தேன்.
யாரும் தொடாத, யாரும் ஊதாத கருவி
ஆறு மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது.
தூங்குகிற சிப்புக்கு
அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.
உறையின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்:
நாளைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல்.
செவ்வாய் பொருந்தியது. புதன் பொருந்தியது.
கணக்குக்கு ஆள் தேவைப்படவில்லை.

உறிஞ்சும் காற்றை உணர அதில் ஒரு சின்ன வட்டு,
சட்டைப் பொத்தானில் பாதி.
பழைய திரவம் உள்ளே இறங்கிப் பிசுபிசுத்துச்
சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தது.
யாரோ இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று
அது நம்பிவிட்டது.
சூடு பத்து நொடியில் தானே அணைந்துவிடும்,
விழிப்பு அணையாது.
இல்லாத ஒரு மூச்சுக்காக
ராப்பகலாகக் கொட்டக் கொட்ட முழித்திருக்கிறது.
அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க
எனக்கு என்னவோ போல இருந்தது.

ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, அரை மணி மின்விசிறி.
நான்கு மைக்ரோ.
கை பழக்கத்தில் மூடியைப் பொருத்தப் போனது,
பாதியில் நின்றது.
இனி இது கசியாது. இனி எண் குறைந்தால்
அவர்தான்.
பொய் சொன்ன சாட்சியைப் பழுது பார்த்து
இழுப்பறையில் திரும்ப உட்கார வைக்கவா
இத்தனை ராத்திரி?

முனைகளுக்கு டேப் ஒட்டினேன்.
சனிக்கிழமை, சமூக மன்றத்து வாசலில்
கேட்காமல் வாங்கிக்கொள்ளும் அந்தத் தொட்டியில் போட்டேன்.
சத்தமே வரவில்லை.
உள்ளே ஏற்கெனவே நிறைய இருந்திருக்கும்.

உறையை மறந்துபோனேன்.
ஞாயிறு மத்தியானம் கட்டணம் கட்ட எடுத்தவர்
பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு,
"யாருக்குச் சக்கரை? இறங்கிக்கிட்டே வருது" என்றார்.

"எனக்குத்தான்," என்றேன்.
"இப்ப நின்னுருச்சு."

அவர் எழுந்து போய்
என் காப்பியில் சீனி
ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொண்டுவந்தார்.
குடித்தேன்.