கடன் கொடுத்த ஸ்வெட்டர்

கேத்தியில் கேரட் கழுவ
இரவு ஒரு மணிக்குத் தொட்டிக்குள் போகிற கைகள் இவை.
மார்கழியில் விரல் பத்தும்
வேறு யாருடையவையோ போலத் தொங்கும்.
வெளியே, புல்லின்மேல் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி.
இரண்டு நாள் லீவு கேட்டேன்.
"எங்க போற?" என்றார் மேஸ்திரி.
"கேரட் எங்க போகுதோ அங்க."

மேட்டுப்பாளையத்தில் தலைத்துண்டை அவிழ்த்தேன்.
மானாமதுரையில் சாக்ஸ்.
பரமக்குடி தாண்டி இருபுறமும் கருவேலம் ஓட,
ஸ்வெட்டரின் முதல் பித்தான்.
உச்சிப்புளியில் கடைசிப் பித்தான்.
"இன்னும் என்னடி மிச்சம்?" என்று
ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரித்தார் வீட்டுக்காரர்.
பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கி
வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.
காற்று வெதுவெதுப்பாக வந்து
பல்லைத் தொட்டது.

ராமேஸ்வரத்தில் கடைசிப் பதினெட்டு மூட்டை இறங்கியதும்
அவர் லாரி நிழலில் பாய் விரித்தார்.
நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
அக்னி தீர்த்தத்துக்கு நடந்தேன்.

என்ன கூட்டம்!
ஈர வேட்டி, ஈரச் சேலை, புரியாத நாலு பாஷை,
மைக்கில் தொலைந்துபோன பிள்ளையின் பெயர்,
மாலை போட்ட சாமிமார் ஐம்பது பேருக்கும்
ஒரே ஒரு செல்பி.
மாங்காய்க்காரர் தும்மிக்கொண்டே மிளகாய்ப்பொடி தூவுகிறார்.
யாரோ கரையில் வைத்துவிட்டுப்போன வாழைப்பழத்தை
அலை வருவதற்குள் தின்று முடித்து
அவசரமில்லாமல் திரும்பியது ஒரு பசு.
சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விட,
கடலுக்குள்ளிருந்து நிலா வந்தது
பெரிசாக,
கழுவாத கேரட் நிறத்தில்.

கணுக்கால்வரை இறங்கினேன்.
தண்ணீர் என்றால் வலி என்று
இத்தனை வருசம் பழகிய தோல்
முதலில் நம்பவில்லை.
குனிந்து முழங்கைவரை விட்டேன்.
ஆறவைத்த கஞ்சித் தண்ணி போலக் கடல்.
வெடிப்புகளில் உப்பு எரிந்தது.
எரியட்டும்,
எரிச்சலும் ஒரு சூடுதானே.

எழுபத்தாறில் அம்மா
இந்தக் கரையில்தான் கப்பலைவிட்டு இறங்கினாள்.
மண்டபம் முகாமில் பதினோரு நாள்.
"வெயிலடிக்கிற ஊரா பாத்து அனுப்புங்கய்யா"
என்று கேட்டாளாம்.
கேட்டுக்கொண்டவர்
நீலகிரி என்று எழுதினார்.

சங்கில் பேர் எழுதித் தருகிற நம்புவள்ளி
முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு
தந்தியடிக்கும் பல்லோடு உட்கார்ந்திருந்தாள்.
"வாடை எலும்புக்குள்ள ஏறுதுக்கா.
இந்த வருசம் என்னா குளிரு!"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் கழுத்தில் வேர்வை வழிய,
அவள் கையில் எவனோ ஒரு சுரேந்தரின் 'ந்' நடுங்கிக் கோணிற்று.
இடுப்பில் கட்டியிருந்த ஸ்வெட்டரை அவிழ்த்து நீட்டினேன்.
"நான் போறவரைக்கும் போட்டுக்க."

அப்புறம் ஒரு சோளக்கருது,
இரண்டு டீ,
யார் வீட்டுப் பிள்ளையோடோ கொஞ்சம் ஓட்டம்.
ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து நின்றேன்.
திருப்பிக் கேட்கக் கூச்சம்.
கேட்காமல் போகவும் வழியில்லை,
எனக்கு இருப்பது ஒன்று.
அவளே கழற்றினாள்.
"மலையில என்னக்கா வேலை?"
"தண்ணியிலதான்."
"சுடுதண்ணியா?"
ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உச்சிப்புளியில் குளிரவில்லை.
பரமக்குடியில் குளிரவில்லை.
பர்லியாறு வளைவில்தான் எடுத்துப் போட்டேன்:
மீன் வாடை, முகப்பவுடர்,
இன்னொருத்தியின் முழங்கை தளர்த்திய இடம்.

மறுநாள் ஒரு மணி. தொட்டி.
கையைச் சுருட்டிவிடும்போது
மடிப்பிலிருந்து கொஞ்சம் மணல் விழுந்து
கேரட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி
அடியில் போயிற்று.
தண்ணீர் அப்படியேதான் இருந்தது.
மேஸ்திரி விசில் ஊதினார்.